பிரெஞ்சில் ‘சேன்ஜே’: குரங்கிலிருந்து வந்த வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம்?

எஸ்-ஐ-என்-ஜி-இ-ஆர் என்று எழுதப்படும் பிரெஞ்சு வினைச்சொல். ஆங்கிலக் கண்ணுக்கு ‘சிங்கர்’ என்று தெரியும். பாட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாடகருக்குப் பிரெஞ்சில் ‘ஷான்த்தேர்’, பாடகி என்றால் ‘ஷான்த்தேஸ்’. தையல் மிஷினில் பார்க்கும் சிங்கரும் இது இல்லை, அது அமெரிக்கர் ஐசக் சிங்கரின் குடும்பப் பெயர். நம் வினைச்சொல்லின் அடி ‘சேன்ஜ்’, அதாவது குரங்கு. ஒருவரைப் போலவே செய்து காட்டுவது, அதுவும் கேலியாகவோ அரைகுறையாகவோ செய்வது என்று பொருள்.

எப்படி உச்சரிப்பது? ‘சேன்ஜே’ என்று எழுதியதை அப்படியே படித்தால் போதுமா?

போதாது. இரண்டு இடங்களில் தமிழ் எழுத்து கைவிடுகிறது.

முதலாவது ‘சேன்’. இதில் ‘ன்’ தனியாக ஒலிக்கக் கூடாது. ஏகாரமே மூக்கு வழியாக வரவேண்டும். புதிதாகப் பழக வேண்டியதில்லை. பேச்சுவழக்கில் ‘நேத்தே வந்தேன்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலே போய் ‘ன்’ போடுவதில்லை, ஏகாரம் மட்டும் மூக்கில் முடிகிறது. ஏறக்குறைய அந்த ஒலிதான். வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது ‘ஜே’. ‘ராஜா’வில் வரும் ஜகரத்துக்கு நாக்கு அண்ணத்தை ஒரு கணம் தொடும். பிரெஞ்சில் தொடாது. ‘ஷ்ஷ்ஷ்’ என்று நீட்டிக்கொண்டே தொண்டையை அதிரவிடுங்கள். வருவதுதான் சரியான ஒலி. இறுதி ‘ஆர்’ எழுத்தில் உண்டு, வாயில் இல்லை.

தவறு நேர்வது பெரும்பாலும் அண்டை அயல் சொற்களோடுதான். ‘சோன்ஜே’ என்றால் எண்ணுதல், கனவு காணுதல். ‘ஷான்ஜே’ என்றால் மாற்றுதல். மூக்கொலி உயிர் ஒன்று பிசகினாலும் எதிரில் இருப்பவருக்கு வேறு வினை கேட்கும்.

சொல் எங்கிருந்து வந்தது?

மூக்கிலிருந்து. கிரேக்கத்தில் ‘சீமோஸ்’ என்றால் சப்பை மூக்கு உடைய என்று பொருள். சாக்ரடீசின் மூக்கை வருணிக்கவும் பிளேட்டோவின் உரையாடலில் இந்தச் சொல்லின் உறவுதான் வருகிறது. லத்தீனில் அது ‘சீமுஸ்’ ஆயிற்று. அதிலிருந்து குரங்குக்குப் பெயர் ‘சீமியா’, அருகிய வழக்காக ‘சீமியுஸ்’. பிரெஞ்சுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது வடிவம். 12-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் ‘சேன்ஜ்’ இருக்கிறது. அதோடு வினை விகுதி சேர்ந்த ‘சேன்ஜே’ வெகுகாலம் பிந்தியது.

ஆக, வேரில் போலச்செய்தல் என்ற கருத்தே கிடையாது. விலங்குக்கு மூக்கால் பெயர் வந்தது. வினைக்கு அந்த விலங்கின் சேட்டையால் பொருள் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்தச் சொல்லைப் பற்றி நடக்கும் மிகப் பழைய தவறு. அது கீழே.

‘சீமியுஸ்’ எப்படி ‘சேன்ஜ்’ ஆகும்? மகரம் எங்கே போயிற்று?

விதிப்படியே போயிற்று. லத்தீனில் ‘மி’க்குப் பின் இன்னொரு உயிர் வந்தால், இகரம் யகர மெய் போல இறுகும்: சீமியுஸ் என்பது ‘சீம்யு’ என்றாகும். அந்த யகரம் பிரெஞ்சில் ஜகரமாகக் கெட்டிப்பட்டது. ஜகரம் பக்கத்தில் வந்ததும் மகரம் னகரமாகி, பிறகு அதுவும் கரைந்து முன்னிருந்த உயிரை மூக்கொலியாக்கியது. திராட்சை அறுவடைக்கு லத்தீனில் ‘வின்தேமியா’, பிரெஞ்சில் ‘வான்தான்ஜ்’. விடுப்புக்கு லத்தீனில் ‘கொம்மெயாத்துஸ்’, பிரெஞ்சில் ‘கோன்ஜே’. மூன்றிலும் ஒரே பாதை.

ஒரு சின்ன வேடிக்கை. பழைய பிரெஞ்சில் இது நாக்கு தொடும் ஜகரமாகத்தான் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடாத ஒலியாக இளகியது. அதற்கு முன்னரே ஆங்கிலத்துக்குப் போன ‘ஜட்ஜ்’, ‘சேஞ்ச்’ போன்ற சொற்கள் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நம் ஊர் வகுப்பறையில் கேட்கும் ‘ஜே’ பிழைதான், ஆனால் 12-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் தேறியிருக்கும்.

லத்தீன் ‘சிமிலிஸ்’ (ஒத்த) என்ற சொல்லிலிருந்து வந்தது என்று படித்தேனே?

பலரும் அப்படி நினைத்திருக்கிறார்கள், ரோமானியரே நினைத்தார்கள். ‘அருவருப்பான விலங்கான குரங்கு நம்மை எவ்வளவு ஒத்திருக்கிறது!’ என்று கவிஞர் என்னியுஸ் (கி.மு. 239–169) சீமியாவையும் சிமிலிசையும் பக்கத்தில் வைத்து விளையாடிய வரி ஒன்று உண்டு, சிசரோ மேற்கோள் காட்டியதால் அது பிழைத்தது. அது சிலேடை, சொற்பிறப்பு அல்ல. செவில் நகர ஆயர் இசிதோர் (இறப்பு 636) தம் சொற்பிறப்புத் தொகுப்பில் இதையே எடுத்து, ‘மனிதச் சாயல் இருப்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள் சிலர், அது பொய், இது சப்பை மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இசிதோர் தந்த சொற்பிறப்புகளில் கற்பனை ஏராளம். இந்த ஒன்றில் அவர் சொன்னதுதான் சரி.

சிமிலிசின் உண்மையான வாரிசு ‘சிமுலே’, பாசாங்கு செய்தல். கணினித் துறையின் ‘சிமுலேஷன்’ அந்தக் குடும்பம். ‘சேன்ஜே’யும் ‘சிமுலே’யும் பொருளில் அண்டை வீடு, பிறப்பில் சொந்தமில்லை.

குரங்கு எப்போது ‘போலச்செய்பவர்’ ஆனது?

வினை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே பெயர்ச்சொல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. ‘சாத்தான் கடவுளின் குரங்கு’ என்பது கிறித்தவ உலகில் பழைய வழக்கு: படைக்கத் தெரியாது, படைத்ததைப் பார்த்துப் போலி செய்யத்தான் தெரியும் என்பது உட்பொருள். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் 1678-இல் வெளியிட்ட நீதிக்கதை ஒன்றில் அரசவைக் கூட்டத்தைப் ‘பச்சோந்தி மக்கள், எசமானின் குரங்கு மக்கள்’ என்று சாடுகிறார். ராஜா அழுதால் அழுவதும் சிரித்தால் சிரிப்பதும்தான் அங்கே குற்றம்.

18-ஆம் நூற்றாண்டில் ‘சேன்ஜ்ரி’ (குரங்குச் சேட்டை) என்பது ஓவிய வகைக்கே பெயராயிற்று. பிரான்சின் ஷான்தியி கோட்டையில் ‘பெரிய சேன்ஜ்ரி’ என்ற அறையின் சுவர்ப் பலகைகளில், பட்டு உடுத்திய குரங்குகள் பிரபுக்களைப் போல வேட்டையாடிப் பொழுதைக் கழிக்கின்றன. 1737-ஐச் சேர்ந்த அந்த வேலைப்பாடு கிறிஸ்தோஃப் உவே செய்ததாகக் கருதப்படுகிறது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஷார்தேன் வரைந்த ‘ஓவியக் குரங்கு’ இருக்கிறது: தொப்பி வைத்த குரங்கு, கையில் தூரிகை, எதிரே சிலை. பார்த்ததை அப்படியே வரைகிற ஓவியர்களுக்கு வைத்த குட்டு அது. இந்த ஒரு படத்தைப் பார்த்தால் வினையின் பொருளுக்கு அகராதி வேண்டாம்.

சரி, இன்றைய பொருள்கள் எவை?

இரண்டு, கூடவே சமையலறையில் ஒன்று.

ஒன்று, ஆளையோ அவருடைய நடை, பேச்சு, பழக்கத்தையோ கேலிக்காகவோ விவரமில்லாமலோ போலச்செய்தல். ‘இல் சேன்ஜ் சோன் ஃப்ரேர்’: தன் அண்ணனைப் போலச் செய்து பழிக்கிறான். வீட்டில் குழந்தைகள் சண்டையில் கேட்பது, ‘அரெத் த மெ சேன்ஜே!’ – நான் செய்யுற மாதிரியே செஞ்சு காட்டாதே!

இரண்டு, இல்லாத உணர்வை இருப்பதாகக் காட்டுதல். ‘சேன்ஜே லா தூலேர்’: துக்கப்படுவது போல் நடித்தல். இங்கே செயப்படுபொருள் ஆள் அல்ல, உணர்வு. முதல் பொருளில் எதிராளி கேலிக்கு ஆளாகிறார். இரண்டாவதில் நடிப்பவரைத்தான் வாக்கியம் இகழ்கிறது.

இரண்டிலும் செயப்படுபொருள் நேராக வரவேண்டும், இடையில் முன்னிடைச்சொல் ஏதும் கூடாது. தமிழில் ‘அவனைப் போல’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘போல’வுக்கு ஈடாக ‘கொம்’ சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்தால் வாக்கியம் உடையும்.

‘இமித்தே’, ‘கொப்பியே’, ‘மிமே’ எல்லாம் இருக்கும்போது இது எதற்கு? எதை எங்கே போடுவது?

‘இமித்தே’ நடுநிலை. பறவை ஒலியை, ஆசிரியரின் கையெழுத்தை, நல்ல முன்மாதிரியை, எதை வேண்டுமானாலும் இமித்தே செய்யலாம். சந்தேகம் வந்தால் இதைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். மேடையில் பிரபலங்களின் குரலில் பேசுகிறவர் ‘இமித்தாத்தேர்’. தியெரி லெ லுய்ரோன் (1952–1986) அப்படிப் பேர் பெற்றவர். அவர் ஜனாதிபதியை ‘சேன்ஜே’ செய்தார் என்று எழுதினால் அவர் கலையைச் சேட்டை என்று சொன்னதாகிவிடும்.

‘கொப்பியே’ மூலம் எதிரில் இருக்க அப்படியே எடுப்பது: தேர்வில் பக்கத்து மாணவனிடமிருந்து, கணினியில் கோப்பை. நம் ஈயடிச்சான் காப்பி இங்கேதான் சேரும், சேன்ஜேயில் அல்ல. ஈயடிச்சான் காப்பியில் மூலத்தின் பிழையும் சேர்ந்து வரும். சேன்ஜேயில் மூலம் உருமாறிக் கோணலாகும்.

‘மிமே’யில் தமிழர்கள் வழுக்குவது நிச்சயம். நம்மிடம் ‘மிமிக்ரி’ என்றால் பலகுரல். பிரெஞ்சு ‘மிமே’யோ குரலே இல்லாமல் உடலசைவால் காட்டுவது, மார்செல் மார்சோவின் (1923–2007) கலை. பலகுரல் கலைஞரைப் பற்றி எழுத ‘மிமே’ போட்டால் அவர் வாய் திறக்கவே இல்லை என்று ஆகும்.

‘கோன்த்ரஃபேர்’ ஏமாற்றும் நோக்கம் உடையது: கையெழுத்தை, நாணயத்தை, குரலை மாற்றிக் காட்டுவது. ‘பஸ்தீஷே’ ஓர் எழுத்தாளரின் நடையில் வேண்டுமென்றே எழுதிப் பார்ப்பது. இத்தாலியப் ‘பஸ்திச்சோ’ (பலதும் கலந்த பண்டம்) இதன் மூலம். ‘பரோதியே’ நையாண்டி செய்ய ஒரு குறிப்பிட்ட படைப்பை எடுத்துக்கொள்ளும். ‘பிலாஜியே’ பிறர் எழுத்தைத் தன் பெயரில் போடுவது. அதன் லத்தீன் மூலமான ‘பிலாஜியாரியுஸ்’ ஆள் கடத்துபவன், அடிமைகளைத் திருடுபவன் என்று பொருள்பட்டது. கவிஞர் மார்சியால்தான் தம் கவிதையைத் திருடியவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்.

பாராட்டாக ‘சேன்ஜே’ சொல்லலாமா?

கூடாது. ‘அவர் குருவை அழகாக சேன்ஜே செய்கிறார்’ என்ற வாக்கியம் பிரெஞ்சில் கிண்டலாக மட்டுமே நிற்கும். செய்திக் கட்டுரைகளில் ஒரு கட்சி மற்றொரு கட்சியின் பேச்சைக் கடன் வாங்குகிறது என்று திட்டவும், பணக்காரரைப் பார்த்து வாழ்கிறவரைக் குத்தவும் இது வருகிறது. அன்றாடப் பேச்சில் ‘இமித்தே’ அளவுக்கு அடிக்கடி கேட்காது.

தமிழில் மொழிபெயர்க்க ஒரே சொல் உண்டா?

இல்லை, தேடவும் வேண்டாம். பிள்ளைகள் முகத்தைக் கோணிக் காட்டுவதானால் ‘பழிப்புக் காட்டுதல்’, ‘அழகு காட்டுதல்’, ‘கோரணி காட்டுதல்’ – உங்கள் ஊரில் எது புழங்குகிறதோ அது. உணர்வை நடிப்பதானால் ‘பாசாங்கு’, இன்னும் இறங்கிச் சொன்னால் ‘பாவலா’. தகுதிக்கு மீறிப் போலச்செய்வதானால் நம்மிடம் சொல்லைவிடப் பழமொழி வலுவாக இருக்கிறது: புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது, மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியது. கட்டுரை மொழிபெயர்ப்பில் ‘சேன்ஜே’ வரும் இடத்தில் பூனையைக் கொண்டுவந்து பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

‘நகல் எடுத்தல்’, ‘பின்பற்றுதல்’ இரண்டும் வேண்டாம். முதலாவது ஜெராக்ஸ் கடையை நினைவூட்டும். இரண்டாவதில் மரியாதை தொனிக்கும்.

வினை விகற்பத்தில் எங்கே பிழை வருகிறது?

‘மான்ஜே’ (சாப்பிடு) போகும் வழியே இதுவும் போகும். ‘ஜி’ எழுத்துக்குப் பின் ‘ஏ’ (ஆங்கில முதல் எழுத்து) அல்லது ‘ஓ’ எழுத்து வந்தால் அது ககரமாக ஒலிக்கும். அதைத் தடுக்க நடுவில் ஒரு ‘இ’ எழுத்தைச் (ஆங்கில ஐந்தாம் எழுத்து) செருக வேண்டும். ‘நாங்கள்’ நிகழ்காலத்தில் ‘நூ சேன்ஜோன்’. செருகாவிட்டால் ‘சேன்கோன்’ என்றாகும். தொடர் இறந்தகாலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கிலும் செருக வேண்டும். ஆனால் நாங்கள், நீங்கள் இரண்டிலும் அடுத்து ஐ எழுத்து வருவதால் தேவையில்லை: ‘நூ சேன்ஜியோன்’. பழக்கதோஷத்தில் அங்கேயும் சேர்ப்பதுதான் பரவலான பிழை. துணைவினை ‘அவ்வார்’ மட்டும்.

‘ஜெ சேன்ஜ்’ என்பதில் வினையும் குரங்கும் ஒரே எழுத்துக்கூட்டு. முன்னால் ‘அன்’ (ஒரு) என்ற சொல் வந்தால் விலங்கு.

தட்டச்சில் எழுத்துத் திருத்தி ஏன் என்னைக் காப்பாற்றவில்லை?

‘ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும்’ என்று எழுத நினைத்து ‘ஒப்பந்தத்தைப் பழித்துக் காட்டவும்’ என்று அனுப்பியவர்கள் பிரான்சிலேயே உண்டு. கையெழுத்திடுவதற்கான ‘சிஞே’யில் ஜி முந்தி, என் பிந்தி, சேன்ஜேயில் என் முந்தி, ஜி பிந்தி. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப் பிழைத் திருத்திக்குச் சிவப்புக் கோடு போடக் காரணமில்லை. தமிழருக்கு ஒரு சௌகரியம்: ‘சிஞே’யின் நடு ஒலி நம் ‘ஞ’தான், அச்சாக. மடலை அனுப்புமுன் அந்தச் சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். ‘ஞ’ வரவேண்டிய இடத்தில் வரிசை என்-ஜி என்று இருந்தால் திருத்துங்கள்.

பிரெஞ்சுச் சமையல் குறிப்பில் ‘இறைச்சியை சேன்ஜே செய்க’ என்று இருக்கிறதே?

அங்கே கேலி எதுவும் இல்லை. நீர்ப்பொருள் ஊற்றுவதற்கு முன், கொழுப்பில் வறுபட்ட துண்டுகள் மேல் மைதாவைத் தூவிக் கிளறுவது. குழம்பு கெட்டிப்படத்தான் இந்த ஏற்பாடு. பூர்கிஞோன் மாட்டுக்கறி, நவரேன் ஆட்டுக்கறி இரண்டிலும் இந்தப் படி வரும்.

ஒரு கிலோ கறிக்கு 30 முதல் 40 கிராம் மைதா. 4–5 சென்டிமீட்டர் துண்டுகளை இரண்டு மூன்று தடவையாக நன்கு சிவக்க வறுத்து எடுங்கள். அதே பாத்திரத்தில் வெங்காயத்தை வதக்கி, நீர் வற்றியபின் கறியைத் திரும்பப் போடுங்கள். மைதாவைச் சல்லடையில் போட்டு மேலாகத் தூவி, மிதமான தீயில் 2–3 நிமிடம் கிளறுங்கள். வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரியக் கூடாது, இலேசாக வறுத்த மாவு மணம் வரவேண்டும். பிறகு ஒயினோ கறிச்சாறோ சுமார் ஒரு லிட்டர். முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கரைத்து, மிச்சத்தை ஊற்றிக் குறைந்த கொதியில் விடுங்கள்.

கெடுவது எங்கே? வெங்காயம் விட்ட தண்ணீர் இருக்கும்போதே தூவினால் மாவு உருண்டை பிடிக்கும். கிளறாமல் உடனே ஊற்றினால் கடைசிவரை பச்சை மாவு வாசனை போகாது. கறி சிவக்குமுன் தூவினால் மாவு அடியில் கருகிக் குழம்பு கசக்கும். சிவக்குமுன்னரே மாவில் புரட்டுவது வேறு வேலை, அதற்குப் பெயர் ‘ஃபரினே’. நாம் குழம்பு நீர்த்துவிட்டால் கடைசியில் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து விடுவோமே, அதற்கு நேர் எதிர்த் திசை இது: மாவு முதலில் கொழுப்பில் வேகிறது, பிறகுதான் நீர்.

போலிப் பொருள் வழக்குகளில் இந்தச் சொல் வருமா?

வராது. பிரெஞ்சு அறிவுச்சொத்துரிமைச் சட்டத்தொகுப்பில் குற்றத்தின் பெயர் ‘கோன்த்ரஃபசோன்’. படைப்புரிமையை மீறினால் எல் 335-2 பிரிவின்படி மூன்றாண்டுச் சிறையும் 3,00,000 யூரோ அபராதமும் வரை போகலாம். நையாண்டி, நடைப்போலி, கேலிச்சித்திரம் மூன்றுக்கும் எல் 122-5 பிரிவு விலக்கு தருகிறது.

‘குரங்கு நாணயத்தில் கொடுப்பது’ என்றால்?

பணத்துக்குப் பதில் வெறும் வாய்ப்பேச்சோ மதிப்பில்லாத எதையோ கொடுத்துக் கழித்துக்கட்டுவது. நாம் ‘அல்வா கொடுத்துட்டான்’ என்கிற இடம். 1268 வாக்கில் பாரிஸ் ஆட்சியர் எத்தியேன் புவாலோ தொகுத்த தொழில் விதிகளில், சிறுபாலம் (பெத்தி போன்) வழியாகக் குரங்கோடு வருபவருக்குச் சுங்கம் வகுத்திருக்கிறார்கள். விற்கக் கொண்டுபோகும் வியாபாரி 4 தெனியே (அக்காலச் சிறு நாணயம்) கட்ட வேண்டும். தன் பொழுதுபோக்குக்கு வாங்கியவர் கட்ட வேண்டாம். குரங்காட்டியோ, சுங்கக்காரர் முன்னால் குரங்கை ஆடவிட்டால் போதும், சுங்கம் தீர்ந்தது. வழக்குத்தொடர் இங்கிருந்து வந்தது என்று விளக்குவதே மரபு. விதி சொல்வதைக் கவனித்தால், அந்தப் பாலத்தில் குரங்காட்டம் ஏமாற்று அல்ல, ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டணம்.

‘சேன்ஜ்’ என்று முதலாளியைச் சொல்கிறார்களாமே?

ஆம், பழைய தொழிலாளர் கொச்சையில். முதல் உலகப் போர்ப் படைவீரர்களின் பேச்சில் அதே சொல் தகர டப்பாவில் வந்த மாட்டுக்கறியையும் குறித்தது. அக்காலக் கடிதங்களில் ‘இன்றும் குரங்குதான் சாப்பாடு’ என்று கண்டால் பதற வேண்டாம், டப்பா என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.